மாஸ்டருக்குப் பிடிக்காத படம்

மாஸ்டர் எடுத்த கார்ட்டூன் படங்களில் எல்லோரும் ஓடுவார்கள். குழந்தைகள் ஓடுவார்கள், நாய்கள் ஓடும், ஒரு படத்தில் அலமாரி ஒன்று மாடிப்படியில் இறங்கித் தெருவில் ஓடும். கையால் வரைந்தவை அப்படி ஓடுவதைப் பார்க்கவே மக்கள் அரங்கத்துக்கு வந்தார்கள். குழந்தைகளாக வந்தவர்கள் பின்னால் தங்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மொத்தம் ஒன்பது படங்கள். எட்டில் ஓட்டம். மீதி ஒன்றில் ஒருவர் நடக்கிறார். அதுவும் விந்தி விந்தி.

அந்தப் படத்தின் கதையைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. சாவி செய்கிற ஒருவரின் பட்டறையில் யாரோ விட்டுப்போன சாவி கிடக்கிறது. கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறார். வீடு வீடாகப் போகிறார். எந்தப் பூட்டுக்கும் அது சேரவில்லை. பொழுது சாயும்போது சாவியோடு திரும்பி வருகிறார். அவ்வளவுதான். ரசிகர்கள் மாஸ்டரின் படங்களை வரிசைப்படுத்தும்போது இது கடைசியில் நிற்கும். ‘நடைப்படம்’ என்பார்கள். அதைப் பார்த்ததே இல்லை என்று பெருமையாகச் சொல்கிற ரசிகர்களும் உண்டு. மாஸ்டர் அவர்கள் பக்கம்தான். உங்கள் படங்களில் உங்களுக்குப் பிடிக்காதது எது என்று பேட்டிகளில் கேட்டால், யோசிக்காமல் இதைச் சொல்வார்.

அந்த நடையை வரைந்தவளுக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. இன்னும் அதே ஸ்டூடியோவில் இருக்கிறாள். மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்ப்பது வேலை. எல்லாம் கணினிக்கு மாறிவிட்டது. பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, கை கறுப்பாவதில்லை, அவ்வளவுதான் என்பாள்.

சேர்ந்தபோது அவள் வேலைக்கு இன்பிட்வீன் என்று பெயர். ஓடுகிற குழந்தையின் முக்கியமான நிலைகளை மூத்தவர் ஒருவர் வரைந்து கொடுப்பார். கால் தரையில் படும் நிலை, உடம்பு காற்றில் இருக்கும் நிலை என்று. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வரவேண்டிய படங்களை வரைவது அவள் பொறுப்பு. நடுவில் இருப்பதை யாரும் தனியாகப் பார்க்கமாட்டார்கள். சரியில்லை என்றால் மட்டும் எல்லோர் கண்ணிலும் படும். “நம்ம பிழைப்பு வீட்டுல மருமக மாதிரி” என்பாள் பக்கத்து மேஜைப் பெண்.

புதியவள் என்பதால் அவளுக்கு மனிதர்களைத் தரவில்லை. ஓடுகிறவர்களுக்குப் பின்னால் எழும் புழுதி, நாய் வால், அவிழ்ந்த நாடா. புழுதியில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினாள்.

நடைப்படம் பாதியில் இருந்தபோது மாஸ்டர் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிலர் வேறு இடம் தேடிப் போனார்கள். வெளியாகும் தேதி மட்டும் மாறவில்லை. பொறுப்பு மூத்த ஓவியர் ஒருவரிடம் வந்தது. வரைவதைவிட அழிப்பது அதிகம் என்பதால் அவருக்கு ரப்பர் என்று பெயர். அவர் முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். சாவிக்காரர் நடக்கும் நிலைகள் இரண்டை வரைந்து அவள் மேஜையில் வைத்தார் ரப்பர். நடுவில் என்ன நடக்கிறது என்பது அவருக்கும் தெரியவில்லை.

“இந்த நடை யாருதுன்னு தெரியுதா? நம்ம பேப்பர்க்காரர். அவர் வரும்போது நல்லாப் பாத்து வரைஞ்சுக்கோ. என்னைக் கேக்காதே. எனக்கு ஓட்டம்தான் வரும்.”

பேப்பர்க்காரர் காகிதக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தார். வரைவதற்கான காகிதக் கட்டுகளை டிராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிக் கட்டையாகிவிட்டது. நீளமான தாழ்வாரத்தில் அவருக்கு வலப்பக்கம் ஜன்னல்கள், இடப்பக்கம் மேஜைகள். அவர் தன் மேஜையைத் தாண்டிப் போனதும் அவள் கூப்பிட்டாள்.

“கொஞ்சம் நில்லுங்க. திரும்பிப் போய் வாசல்லேருந்து இன்னொரு தடவை வர்றீங்களா?”

“ஏன், பேப்பர்ல ஏதாவது குறையா?”

“பேப்பர்ல இல்லைங்க, நடையில...”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் டிராலியை நிறுத்தினார்.

“நடையில குறை இருக்கறது எனக்கே தெரியும்மா. அதுக்கு எதுக்கு ரெண்டு தடவை?”

மற்ற மேஜைகளில் பென்சில்கள் நின்றுவிட்டன.

“வரையறதுக்குங்க. படத்துல ஒருத்தர் இப்படி நடக்கறாரு.”

“என்னையா வரையறீங்க?”

“உங்களை இல்லை. காலை மட்டும்.”

“காலை மட்டும் தனியா அனுப்பி வைக்க முடியாதே. நானும் கூட வந்தாகணும்.”

திரும்பிப் போய் வாசலிலிருந்து வந்தார். பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் நடை மாறிவிட்டது. அணிவகுப்பில் போகிறவர் போல விறைத்துக்கொண்டு வந்தார்.

“இப்படி இல்லைங்க. முன்னாடி வந்தீங்களே, அந்த மாதிரி.”

“முன்னாடி எப்படி வந்தேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் உள்ளேல்ல இருந்தேன்.”

அவருடைய காலை அவர் மறந்தால்தான் அவளுக்கு வேலை நடக்கும். அதற்கு ஒரே வழி பேச்சுக் கொடுப்பது. அதன்பிறகு அவர் வரும்போதெல்லாம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். கிடங்கில் எலி உண்டா, மழையில் காகிதம் என்னவாகும், சாப்பாடு யார் கொண்டுவருவார்கள். அவர் பதில் சொல்லிக்கொண்டே வருவார். அவள் பதிலைக் கேட்காமல் காலைப் பார்ப்பாள். பிறகு பதிலையும் கேட்கத் தொடங்கினாள்.

இடது காலை வைக்கும் முன் அவரிடம் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. ஆழம் தெரியாத தண்ணீரில் வைப்பதைப் போல. வைத்த பிறகு, அப்பாடா, தரைதான் என்பதுபோல இடது தோள் இறங்கும். அந்தத் தயக்கத்துக்கு ஒரு படம், தோளுக்கு ஒரு படம். வரைந்த தாள்களை விரலிடுக்கில் வைத்துப் புரட்டிக் காட்டியபோது ரப்பர் எதையும் அழிக்கவில்லை.

“இதைத்தான் நான் கேட்டேன். கேக்கத் தெரியல” என்றார்.

சாவிக்காரர் போகும்போது திரையில் வலமிருந்து இடமாகப் போகிறார். வரும்போது இடமிருந்து வலமாக வரவேண்டும். அதைத் தனியாக வரைய நேரம் இல்லாமல் போயிற்று. ரப்பர், போகும் நடையின் படங்களையே இடம் வலமாகத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டார். திருப்பிப் போட்டால் திசை மட்டும் மாறாது, காலும் மாறிவிடும். போகும்போது இடது காலை விந்திப் போனவர், வரும்போது வலது காலை விந்தி வந்தார். பார்க்கிறவர்கள் கவனிக்கமாட்டார்கள் என்று ரப்பர் நம்பினார். கவனித்தார்கள். இன்றைக்கும் அதைத் தனியாக வெட்டி எடுத்து, சிரிக்கிற முகங்களோடு ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள்.

படம் வந்து, வந்த சுவடு தெரியாமல் போனது. அடுத்த வருடம் அவளுக்கும் பேப்பர்க்காரருக்கும் கல்யாணம். ரப்பர் வந்து வாழ்த்தினார். “முதல் படத்தையும் அடுத்த படத்தையும் நான் வரைஞ்சு குடுத்துட்டேன். நடுவுல உள்ளதை நீங்களே பாத்துக்குங்க.”

பார்த்துக்கொண்டார்கள். கிடங்குக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு, பிறகு நான்காவது மாடியில் கொஞ்சம் பெரிய வீடு. ஒரு மகள். சண்டைகளும் இருந்தன. சண்டையில் தோற்கும்போது, “என்னை நீ காலுக்காகத்தானே கட்டிக்கிட்டே” என்பார். “ஆமா, வாய்க்காகன்னு தெரிஞ்சிருந்தா ஓடியிருப்பேன்” என்பாள். மகள் பள்ளிக்கூடத்தில், அந்தப் படத்தில் நடப்பது எங்கள் அப்பா என்று சொல்லி யாரும் நம்பாமல் அழுதுகொண்டு வந்தாள். மறுநாள் அவர் பள்ளி வாசலுக்குப் போய், பிள்ளைகள் வெளியே வரும் நேரத்தில் இப்படியும் அப்படியுமாக நடந்து காட்டினார்.

ஸ்டூடியோவுக்குப் புதிதாக வருகிறவர்கள் மாஸ்டரின் எந்தப் படத்தில் வேலை செய்தீர்கள் என்று அவளிடம் ஆவலாகக் கேட்பார்கள். நடைப்படம் என்றதும் துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது.

“ஓடற படத்துல தெரு பின்னாடி போயிடும். இந்தப் படத்துலதான் தெரு நம்மகூட வரும். இன்னொரு தடவை பாருங்க” என்பாள்.

சாவிக்காரர் ஒவ்வொரு கதவையும் தட்டும் முன் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொள்வார். எல்லாக் கதவுக்கும் வாருவார். அரங்கத்தில் கொட்டாவி கேட்கிற இடம் அது. திறக்கிறவர்களுக்கு நாம் எப்படித் தெரிவோம் என்ற கவலை உள்ள ஒருவரை அவள் வேறெந்தப் படத்திலும் பார்த்ததில்லை. காலை வெளிச்சத்தில் வாருகிறவரின் நிழல் கதவில் விழும். சாயங்காலம் அதே நிழல் படிக்கட்டில் மடங்கி விழும். மாஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் வரைந்துவைத்த இடங்கள் அவை. தனக்குப் பிடிக்காத படத்திலும் அந்த மனிதர் ஒரு நிழலைக்கூடச் சும்மா விடவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் பேப்பர்க்காரர், கிடங்கில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன பிறகு, மகளும் அவளும் போனில் இருந்த படங்களையெல்லாம் பார்த்தார்கள். நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் அவர் உட்கார்ந்திருந்தார், அல்லது நின்றுகொண்டிருந்தார். கேமராவைக் கண்டால் நின்றுவிடுவது அவர் வழக்கம். மகளின் கல்யாண வீடியோவில்கூட, கூட்டத்துக்குள் வந்துகொண்டிருந்தவர் கேமரா திரும்பியதும் கம்பம் மாதிரி நின்றுவிட்டார். அவர் நடந்தது அந்தப் படத்தில் மட்டும்தான். வீட்டில் அதன் பழைய டிஸ்க் ஒன்று இருந்தது. முழுதாக ஓடாது. சாவிக்காரர் கடைசிக் கதவுக்கு முன்னால் சீப்பும் கையுமாக உறைந்துவிடுவார்.

அதனால்தான், ஒன்பது படங்களையும் புதுப்பித்து மறுபடி அரங்கத்துக்குக் கொண்டுவரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அவள் அந்த ஒன்றுக்காகக் காத்திருந்தாள்.

ரப்பர்தான் அந்த வேலைக்குத் தலைவர். ஒருநாள் அவள் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல சேதி இல்லை என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

“எட்டுப் படம் போதும்னுட்டாரும்மா மாஸ்டர்.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லாம இருப்பேனா? கத்தினேன். நான் கத்தினா அவருக்குத் தூக்கம் வரும். கடைசியில, ‘அந்தத் திரும்பி வர்ற நடையைச் சரி பண்ணிக் காட்டு, அப்புறம் யோசிக்கலாம்’னாரு. நான்தானே திருப்பிப் போடச் சொன்னவன்? வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன்.”

“சரி பண்ணலேன்னா?”

“பெட்டிக்குள்ளே போயிடும். யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு எழுதியே வச்சிடுவாரு. அவரைப் பத்தித் தெரியாதா?”

“நான் வரையறேன்.”

“அதுக்குத்தான் வந்தேன். அதைக் கேக்கத்தான் வாய் வரல.”

அன்றே தொடங்கினாள். கணினியில் அல்ல, காகிதத்தில், வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். முதலில் எளிது என்றுதான் நினைத்தாள். முப்பது வருடம் கூடவே நடந்த மனிதர். ஆனால் வரும் நடையில் அவருடைய வலப்பக்கம்தான் தெரியும். நல்ல கால் முன்னால் இருக்கும். விந்துகிற கால் அதன் மறைவில். மறைந்திருக்கும் காலின் விந்தலைத் தெரிகிற காலில் காட்டவேண்டும். எப்படி வரைந்தாலும் இரண்டு கால்களும் நன்றாக இருக்கிற ஒருவர், எதையோ தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டு வருவதுபோல வந்தது.

வரைந்து வரைந்து கிழித்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. ஸ்டூடியோவில் அவள் மேஜை அவருக்கு இடப்பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் நடந்ததும் இடப்பக்கம்தான், அவர் சாய்கிற பக்கம், தாங்கிக்கொள்ள வசதியாக. அவருடைய வலப்பக்கத்திலிருந்து அவள் அவரைப் பார்த்ததே இல்லை.

மகள் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மேஜை நிறையக் கிடந்த அப்பாவின் கால்களைப் பார்த்தாள்.

“இதென்னம்மா, கடை போட்டிருக்கே?”

விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாள். “காலை மாத்தினதுக்கா இவ்வளவு ரகளை? எங்க இடத்துல அப்படி மாத்திப் போட்டிருந்தா இந்நேரம் நல்ல காலை வெட்டியிருப்பாங்க.”

“சிரிக்காதே. உனக்குத் தெரியுமா, வலது பக்கம் அப்பா எப்படி நடப்பாரு?”

மகள் சிரிப்பை நிறுத்தினாள்.

“அந்தப் பக்கம் நான்தானே நடப்பேன். உனக்கு இடது கை, எனக்கு வலது கை. சின்ன வயசுலேருந்து.”

“அதான் கேக்கறேன். எப்படி இருக்கும்?”

“எப்படின்னா... பாத்ததில்லைம்மா. நான் தரையைப் பாத்துட்டுப் போவேன். கைதான் தெரியும். ஒரு அடி விட்டு ஒரு அடி என் கையை அழுத்துவாரு. மேலேருந்து கீழே, லேசா. அந்தக் காலை வைக்கறதுக்கு முன்னாடி.”

“காட்டு.”

“இங்கேயா?”

“தாழ்வாரத்துக்கு வா.”

நான்காவது மாடித் தாழ்வாரத்தில், துணி காயும் கொடிகளுக்கு அடியில், மகள் அப்பாவானாள். அம்மா அவள் வலப்பக்கம் வந்து முழங்காலை மடித்துக் குள்ளமாகி, கையைத் தூக்கி மகளின் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் நடந்தார்கள். ஒரு அடி விட்டு ஒரு அடி, கை கீழே போனது. மூன்றாவது முறை போய் வரும்போது எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்தார்.

“என்ன, கால்ல சுளுக்கா?”

“இல்ல ஆன்ட்டி. அப்பா மாதிரி நடக்கறேன்.”

“அப்பா மாதிரி விடியக்காலையில எந்திரிக்கப் பழகு முதல்ல. அப்புறம் நடக்கலாம்.” பிறகு குனிந்து அம்மாவைப் பார்த்தார். “நீ ஏன் இப்படி வர்றே?”

“நான் இவ.”

எதிர்வீட்டு அம்மா கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் பார்த்தார். “நல்லா இருங்க” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று மாலையே வரைந்தாள். காலை அதிகம் தொடவில்லை. வலது கையை வரைந்தாள். மறைவில் இருக்கும் கால் தரையைத் தொடும் முன், அந்தக் கை காற்றை லேசாக அழுத்தி, அங்கே ஒரு குழந்தையின் கை இருப்பதைப் போல அதன்மேல் பாரத்தைக் கொடுத்து, பிறகு எடுத்துக்கொண்டது. கால் மறைந்தே இருந்தது. விந்துவது தெரிந்தது. மகள் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து தாள்களுக்கு எண் போட்டுக் கொடுத்தாள்.

மாஸ்டர் இப்போது ஸ்டூடியோவுக்கு வருவதில்லை. அவருடைய வீட்டின் முன்னறையில், ஜன்னலோரம், காலுக்கு மேல் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். ரப்பரும் அவளும் போனார்கள். ரப்பர் கதவருகிலேயே நின்றுகொண்டார்.

“ஏன் அங்கே நிக்கறே? அடிக்கவா போறேன்?”

“இத்தனை வருஷம் தப்பிச்சாச்சு. இனிமே எதுக்கு வம்பு.”

அவள் தாள்களைப் புரட்டிக் காட்டினாள். மாஸ்டர் பார்த்தார். தாள்களைத் தானே வாங்கி, நடுங்குகிற விரல்களில் வைத்துப் புரட்டினார். நடுக்கத்திலும் நடை தப்பவில்லை.

“கையை யார் சொன்னது?”

“என் பொண்ணு.”

“அவளும் வரைவாளா?”

“எக்ஸ்ரே எடுப்பா.”

மாஸ்டர் தலையை ஆட்டினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார்.

“அந்தப் படம் ஏன் எனக்குப் பிடிக்கலைன்னு யாருக்கும் சொன்னதில்லை. தப்பு இல்லாத படம் உண்டா? எட்டுலயும் இருக்கு. முதல் தடவை போட்டுக் காட்டினாங்களே, அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து நேரா வந்து முன்வரிசையில உக்காந்திருந்தேன். கால் மாறிச்சு. பாத்தேன். அதே நிமிஷம் பின்னாலேருந்து ஒரு சிரிப்பு. ஒரே ஒருத்தன்தான். அரங்கமே அதிர்ற மாதிரி. எழுந்து போயிடலாம்னா உடம்பு முடியல. ஆறு மாசம் செத்துப் பிழைச்சு வந்தவனைப் பாத்து ஒருத்தன் அப்படிச் சிரிக்கிறான். அன்னிக்கு வெறுத்ததுதான்.”

அவள் ரப்பரைப் பார்த்தாள். ரப்பர் தரையைப் பார்த்தார்.

“மாஸ்டர், அது எங்க வீட்டுக்காரர்.”

“யாரு?”

“பேப்பர்க்காரர். அவர் நடையைத்தான் நாங்க வரைஞ்சோம். அப்ப எனக்கு வீட்டுக்காரர் இல்ல. நான்தான் கூட்டிட்டு வந்திருந்தேன். பக்கத்துல உக்காந்திருந்தாரு.”

“நடக்க முடியாத மனுஷன், தன் நடையைப் பாத்தே சிரிச்சாரா?”

“போற வரைக்கும் மூச்சு விடாமப் பாத்தாரு. திரும்பி வரும்போதுதான் சிரிச்சாரு. ‘பரவாயில்லையே, போறதுக்கு ஒரு கால், வர்றதுக்கு ஒரு காலா? ஒரே காலைப் போட்டு வதைக்கல பாரு. உங்க மாஸ்டர் நியாயஸ்தர்’னாரு.”

மாஸ்டர் போர்வையைச் சரிசெய்தார். “நியாயஸ்தர்னா சொன்னாரு?”

“ஆமா. வீட்டுக்குப் போற வழியெல்லாம் வலது காலை நொண்டிக் காட்டிக்கிட்டே வந்தாரு. கால் பிசகி விழுந்துட்டாரு.”

கதவருகில் ரப்பர் முதலில் சிரித்தார். மாஸ்டருக்குச் சிரிப்பு இருமலாக வந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, “இப்ப எங்கே இருக்காரு?” என்றார்.

“மூணு வருஷமாச்சு மாஸ்டர்.”

தெருவில் யாரோ எதையோ விற்றுக்கொண்டு போனார்கள். மாஸ்டர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

“உனக்கு என்ன வேணும், சொல்லு.”

“படம் இருக்கணும். எந்தக் காலா இருந்தாலும் சரி. எனக்கு எல்லாம் குடுத்தது அந்தப் படம். வீடு, அவர், பொண்ணு. அதுக்கு நான் ஒண்ணும் பண்ணினதில்லை. இருக்கணும், அவ்வளவுதான்.”

மாஸ்டர் புதிய தாள்களை மறுபடி ஒருமுறை புரட்டினார். முடித்து, ஓரங்களைத் தட்டிச் சமமாக்கி, அவளிடமே நீட்டினார்.

“இது ரொம்ப நல்லா இருக்கு. என் ஆளுங்க வரைஞ்சதுலயே இப்படி ஒரு கை இல்ல. ஆனா இது வேண்டாம்.”

அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

“கேளு. என் சாவிக்காரனுக்கு எந்த வீடுன்னு தெரியாது. திரும்பி வரும்போதும் தெரியாது. இங்கே வர்றவருக்கு எங்கே போறோம்னு தெரியுது. யாரோ காத்திட்டிருக்காங்க. இது வேற படம். உங்க படம். அதுல இதைக் கொண்டுபோய் ஒட்டினா ரெண்டும் கெட்டுடும்.” ரப்பர் பக்கம் திரும்பினார். “ஒன்பதையும் போடு. அந்தக் காலை ஒருத்தரும் தொடக்கூடாது.”

“மாறின காலோடயா?”

“மாறின காலோடதான். நியாயமா இருக்கட்டும்.”

அவள் தாள்களை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

“அதுக்காக எனக்குப் பிடிச்சுப் போச்சுன்னு நினைச்சுடாதே” என்றார் மாஸ்டர். “இப்பவும் பிடிக்கல. அந்த நடுப்பகுதி இழுக்குது.”

“பரவாயில்ல மாஸ்டர். நாங்க பாத்துக்கறோம்.”

வெளியே வந்ததும் ரப்பர் கேட்டார். “அன்னிக்குச் சிரிச்சது யாருன்னு எனக்கும் தெரியும். நான் ஏன் இத்தனை வருஷம் சொல்லல?”

“ஏன்?”

“அவர் அதைக் கேட்டிருப்பாருன்னே தெரியாதேம்மா.”

வீட்டில் மகள் காத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டாள். நியாயஸ்தர் என்ற இடத்தை இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள். பிறகு தாள்களை மேஜையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். அப்பா பின்பக்கமாக நடந்து, வந்த வழியே போனார்.

“மேலேருந்து இல்லடி. கீழேருந்து விடு, ஒவ்வொண்ணா.”

மகள் தாள்கட்டை நிமிர்த்திப் பிடித்து, கட்டைவிரலால் கீழிருந்து ஒவ்வொன்றாக விட்டாள். காகிதத்தின் இடது ஓரத்தில் தோன்றியவர், காற்றை அழுத்தி அழுத்திக்கொண்டு, வலது ஓரம் வரை வந்து நின்றார்.

“அம்மா, அப்பா வந்துட்டாரு.”

அவள் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“செருப்பை வெளியில விடச் சொல்லு.”